வறட்சி தாங்கும் அரளி: ஆடு மாடு வைத்திருப்போர் கவனத்துக்கு

மதுரையைச் சுற்றிச் செல்லும் நான்கு வழிச் சாலைகளின் நடுத்திட்டில், சித்திரை வெயிலிலும் பூத்து நிற்கும் செடி அரளி. தார்ச் சாலையின் அனலையும் லாரிப் புகையையும் தாங்கும் இச்செடி, கிணற்றில் நீர் குறைந்துபோன சிறு விவசாயிக்கும் கை கொடுக்கக்கூடியது. மதுரை என்றால் மல்லிகை என்பதே பேச்சு. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூவுக்கு நீரும் உரமும் மருந்தும் தவறாமல் கொடுத்தாக வேண்டும். அரளி அவ்வளவு கேட்பதில்லை. ஆனால் மல்லிகையில் இல்லாத ஓர் ஆபத்து இதில் உண்டு. தொழுவத்தில் மாடு உள்ளவர்கள் அதையும் அறிந்த பிறகே இதில் இறங்க வேண்டும்.

செம்மண், கரிசல் என்ற பேதமின்றி அரளி வளரும். நீர் தேங்கும் பள்ளம் மட்டும் ஆகாது. நிழலும் ஆகாது, வேம்பின் அடியில் வைத்தால் இலைதான் மிஞ்சும். ஆனி, ஆடி மாதங்களில், முற்றிய கிளைகளிலிருந்து பென்சில் கனத்தில் முக்கால் அடி நீளக் குச்சிகளை வெட்டி, பாலிதீன் பைகளில் வேர்விடச் செய்யலாம். ஓரடி ஆழக் குழியில் 10 கிலோ தொழுவுரமும் மேல்மண்ணும் இட்டு, ஆறரை அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1000 செடிகள் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் நட்டுவிட்டால் அந்த மழையிலேயே செடி வேர் பிடித்துக்கொள்ளும். முதல் ஆண்டு மட்டும் காயவிடாமல் நீர் பாய்ச்ச வேண்டும். மாலைக்கு உதிரிப்பூவாக விற்க ஒற்றை அடுக்கு வெள்ளையும் ரோஸும் ஏற்றவை.

இளம் தளிர்களில் மஞ்சள் நிற அசுவினி கூட்டமாக ஒட்டும். சில செடிகளில் இருந்தால் நுனியைக் கிள்ளி அழித்தாலே போதும். மிகுந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். தலைப்பக்கம் நீலக் கண் போன்ற புள்ளிகளுடன் பச்சைப் புழு ஒன்று இலையைத் தின்னும். பார்க்கப் பயமாக இருந்தாலும் கடிக்காது. கையுறை போட்டுப் பொறுக்கிவிடலாம்.

செலவு பராமரிப்பில் இல்லை, பறிப்பில்தான் உள்ளது. மொட்டு விரியுமுன் பறித்து, விடியலில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் சேர்த்தாக வேண்டும். நாள் தவறினால் பூ மலர்ந்து வீணாகும். கூலிக்கு ஆள் வைத்தால் விலை சரியும் நாளில் பூவைச் செடியிலேயே விட வேண்டிவரும். வீட்டில் இருவர் பறிக்க இயலுமானால், முதலில் 25 சென்டுக்கு மேல் வைக்காமலிருப்பது நல்லது. கோடையில் பூ மிகும். மழையிலும் பனியிலும் குறையும், விலை ஏறுவதும் அப்போதுதான்.

புதுத் தளிரின் நுனியில்தான் பூ வருவதால் பழைய கிளைகளைக் கவாத்து செய்தாக வேண்டும். ஆபத்து தொடங்குவது இங்கேதான். அரளியின் இலை, தண்டு, பூ, வேர் எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உள்ளது. பச்சை இலை கசக்கும் என்பதால் ஆடு மாடு பெரும்பாலும் தொடாது. காய்ந்த இலையில் கசப்பு குறைந்துவிடுகிறது, நஞ்சு குறைவதில்லை. புல்லோடு கலந்துவிட்டால் கறவை மாடு அதைப் பிரித்தறியாமல் தின்றுவிடும்; ஒரு பிடி இலையே அதைச் சாய்த்துவிடப் போதும். எனவே கவாத்துக் கழிவை வரப்பில் குவிக்கக்கூடாது, குளத்தில் வீசக்கூடாது. அடுப்பிலும் எரிக்கக்கூடாது, புகையும் கெடுதல். கிணற்றுக்குத் தள்ளி ஆழக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். கவாத்து செய்பவர் கையுறை அணிந்து, பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரளி விதை என்று ஊரில் சொல்லப்படுவது பெரும்பாலும் மஞ்சள் அரளியின் கொட்டை. அது வேறு செடி. நஞ்சில் இதற்குச் சளைத்ததல்ல.

2024 மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தின. கேரளச் சந்தையை நம்பிப் பயிரிடுவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாடு தீனி எடுக்காமல், எச்சில் வடித்து, கழிந்து, தள்ளாடினால், மேய்ந்த இடத்தில் அரளி இருந்ததா என்று பார்க்க வேண்டும். கை வைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழைத்து, தின்ற இலையில் ஒன்றையும் அவரிடம் காட்ட வேண்டும். மனிதர் யாரேனும் தின்றுவிட்டால் 108-ஐ அழைப்பதில் சிறிதும் தாமதம் கூடாது.