எந்த அறைக்கு எந்தச் செடி?

பூங்கன்று விற்கும் இடத்துக்குப் போகும் நம்மில் பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது இலையின் அழகை. அடுத்தது விலையை. வாங்கி வந்த செடியை முன் ஹோலில் ஷோகேஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் புகழ்வார்கள். இரண்டாம் மாதம் அடியிலை மஞ்சளாகும். மூன்றாம் மாதம் தண்டு நீண்டு வெளுத்து ஜன்னல் பக்கம் சாயும். பிறகு சாடி மட்டும் மிஞ்சும். "எனக்குக் கைராசி இல்லை" என்று சொல்லி அந்தப் பெண்ணும் ஆசையை விட்டுவிடுவாள்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் செடி பசியால் செத்திருக்கிறது. உரம் செடிக்கு உப்பும் புளியும் போலத்தான். அதன் சோறு வெளிச்சத்திலிருந்தே ஆகிறது. ஆகவே செடியைத் தெரிவு செய்யுமுன் அறையைப் பார்க்க வேண்டும்.

நமது வீடுகளில் இது இன்னும் அவசியம். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் கொழும்பின் உள் ஒழுங்கைகளிலும் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஜன்னலைத் திறந்தால் இரண்டடியில் பக்கத்து வீட்டுச் சுவர். வீதிப் பக்கத்து ஜன்னலுக்கோ காலையிலிருந்து இரவு வரை திரைச்சீலை. சுற்றுமதிலும் உயரம். இப்படிப்பட்ட வீட்டுக்குள் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலிக் கோட்டையின் பழைய வீடுகளில் இருப்பது போல நடுமுற்றம் உள்ளவர்கள் பாக்கியசாலிகள். அதைச் சுற்றியுள்ள விறாந்தையில் அநேகமாக எந்தச் செடியும் வரும்.

வெளிச்சத்தை அளப்பதில் நமது கண்ணை நம்ப முடியாது. அறை இருட்டானால் கண்மணி விரிந்து சமாளித்துக்கொள்ளும். நமக்குப் புத்தகம் வாசிக்க முடிகிறது என்பதால் செடிக்கும் போதும் என்று நினைத்துவிடுகிறோம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். மேகமில்லாத நண்பகலில் வெளி முற்றத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில் அது ஓரிரு ஆயிரமாகும். ஜன்னலிலிருந்து பத்தடி தள்ளி உள்ளே போனால் நூறு, இருநூறுக்கு இறங்கிவிடலாம். அதாவது ஒரே அறையில் கதிரையை இரண்டு முழம் நகர்த்தி வைப்பது நமக்கு ஒன்றுமில்லை, செடிக்கு ஊர் மாறிப் போவது போல.

கருவி ஏதும் வேண்டாம். காலை பத்து, பதினொரு மணியளவில் செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை விரியுங்கள். மின்விளக்கை அணைத்துவிட்டுத் தாளுக்கு ஓரடி மேலே கையைப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் கூர்மையான நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று தெரிகிறது, விரல் கலங்கலாக இருக்கிறது என்றால் நடுத்தரம். நிழலே விழுந்ததோ இல்லையோ என்றிருந்தால் அது இருண்ட மூலை. இதை மாலையிலும் ஒருமுறை செய்து பாருங்கள். திரைச்சீலை எப்போதும் போட்டிருக்கும் வீடானால் போட்டபடியே பார்க்க வேண்டும். விருந்தாளி வரும் நாளில் மட்டும் திறக்கும் ஜன்னலின் வெளிச்சம் கணக்கில் சேராது.

இன்னொரு விஷயம். மேல்நாட்டுப் புத்தகங்களில் தெற்கு ஜன்னல்தான் அதிக வெயிலுள்ளது, வடக்கு ஜன்னல் நிழலானது என்று எழுதியிருக்கும். அது அவர்களுடைய நாட்டுக்குச் சரி. அங்கே சூரியன் எப்போதும் தெற்கில் சாய்ந்தே செல்கிறது. நமது நாட்டில் ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் அது தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்குப் பக்கம் போய்விடுகிறது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் மறுபடி நேர் மேலே வந்து தெற்குக்குத் திரும்புகிறது. ஆகையால் மே, ஜூன், ஜூலையில் நமது வடக்குச் சுவரிலும் வெயில் படும். நவம்பர் முதல் பெப்ரவரி வரை தெற்குச் சுவரில் படும். கூரைத் தாழ்வாரம் அகலமாக இருந்தால் இரண்டுமே உள்ளே அதிகம் வராது. நமக்கு முக்கியமான வேறுபாடு கிழக்குக்கும் மேற்குக்கும்தான். காலை வெயில் மென்மையானது. மாலை மூன்று மணி வெயில் இலையைப் பொசுக்கும்.

கிழக்கு ஜன்னலோரம் கிடைத்தவர்கள் அதை அந்தூரியத்துக்குக் கொடுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும், ஆனால் கடும் வெயில் ஆகாது என்ற பிடிவாதமுள்ள செடி அது. பொச்சுமட்டைத் துண்டும் செங்கல் துண்டும் தாராளமாகக் கலந்து, தண்ணீர் தங்காமல் வைத்தால் நீண்ட நாள் பூக்கும். மேற்கு ஜன்னலுக்குக் கற்றாழையும், நமது காட்டில் வளரும் மருளின் ஆபிரிக்கச் சகோதரியான மஞ்சள் கரையிட்ட பாம்புச் செடியும் தாங்கும்.

குரோட்டனை வீட்டுக்குள் வைக்க வேண்டாம் என்பது எனது அபிப்பிராயம். அதன் சிவப்பும் மஞ்சளும் வெயிலின் கொடை. உள்ளே வந்தால் புது இலை பச்சையாகவே வரும், பழைய இலை உதிரும். விறாந்தைப் படியிலோ வாசலிலோ அது ராணி போல நிற்கட்டும்.

நடுத்தர வெளிச்சம் உள்ள ஹோலுக்குத்தான் தெரிவு அதிகம். மணி பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா, பிலோடென்ட்ரன், வெள்ளைப் பூப் பூக்கும் பீஸ் லில்லி எல்லாம் வரும். இவற்றில் பல வெப்பநாட்டுக் காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வாழ்ந்து பழகியவை. அதனால்தான் நமது அறை நிழலையும் பொறுத்துக்கொள்கின்றன. மணி பிளான்டைப் பற்றி ஒரு வார்த்தை. போத்தலில் கையளவு இலையோடு தொங்கும் அதே கொடி, தோட்டத்து மரத்தில் ஏறிவிட்டால் முறம் போல இலை விடும். ஆளைப் போலத்தான் செடியும், இடம் கொடுத்தால் வேறு உருவம். இலையில் வெள்ளைக் கோடுள்ள இனம் நாளடைவில் முழுப் பச்சையாகிறது என்றால் இடம் இருட்டு என்று அர்த்தம். இரண்டடி முன்னால் நகர்த்துங்கள்.

இருண்ட மூலைக்கு மூன்றே பேர்தான்: பாம்புச் செடி, பச்சை இலை அக்லோனிமா, பளபளப்பான தடித்த இலையுள்ள இசட் இசட். சிவப்பும் இளஞ்சிவப்புமாக விற்கும் புது அக்லோனிமா இனங்களை அங்கே வைக்காதீர்கள், அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். இந்த மூன்றும் கூட இருட்டில் உயிரோடு இருக்குமே தவிர வளராது. ஒரு வருடத்தில் இரண்டு இலை விட்டால் பெரிது.

ஜன்னலே இல்லாத குளியலறைக்கும் மாடிப்படியின் அடிக்கும் எந்தச் செடியும் பொருந்தாது. ஆசை விடாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரே மாதிரி இரண்டு சாடி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உள்ளே இருக்கும் இரண்டு வாரமும் மற்றது வெளி நிழலில் இளைப்பாறட்டும். பிறகு மாற்றுங்கள்.

குசினி ஜன்னலில் அழகுச் செடியை விட உபயோகமுள்ளதை வைப்பதே கெட்டித்தனம். ரம்பை அரை நிழலில் அழகாக வரும். ஈரம் மட்டும் காயக் கூடாது. சந்தையில் வாங்கும் புதினாக் கட்டில் திடமான நான்கு தண்டை எடுத்து நட்டால் வேர்விடும், காலை வெயில் கொஞ்சம் வேண்டும். வல்லாரையும் அகலச் சாடியில் படரும். சேரை வெயிலில்லாமல் வராது, அதை முற்றத்துக்கு அனுப்புங்கள். எதுவானாலும் அடுப்பின் அனலிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும்.

படுக்கையறையில் செடி வைத்தால் இரவில் கெட்ட காற்று விடும் என்று மூத்தவர்கள் தடுப்பார்கள். செடி இரவில் கரியமில வாயு விடுவது உண்மை. ஆனால் ஒரு சாடிச் செடி விடுவது பக்கத்தில் தூங்கும் ஒரு பிள்ளை விடுவதில் சொற்பம். அந்தப் பயம் வேண்டாம். இதற்கு எதிர்மாறான இன்னொரு பேச்சும் இருக்கிறது. செடி வைத்தால் அறைக் காற்று சுத்தமாகும் என்று கடைக்காரர் சொல்வார். 1989இல் அமெரிக்க நாசா நிறுவனம் செய்த ஆய்வொன்றிலிருந்து கிளம்பிய பேச்சு அது. அந்த ஆய்வு காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள் நடந்தது. அத்தகைய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2019இல் வெளியான மதிப்பீடு வேறு கதை சொல்கிறது. சாதாரணமாக வீட்டுக்குள் வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகளே செய்ய, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது பத்துச் செடியாவது வைக்க வேண்டுமாம். ஜன்னலைத் திறப்பது சுலபம்!

தண்ணீர் விஷயத்தில் அன்புதான் கொல்கிறது. எல்லாச் சாடிக்கும் தினமும் ஒரு கோப்பை என்ற வழக்கத்தை விடுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்துச் செடி குறைவாகவே குடிக்கும். மீதித் தண்ணீர் வேரை அழுகச் செய்யும். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமானால் இன்று வேண்டாம். பாம்புச் செடிக்கும் இசட் இசட்டுக்கும் மண் முழுதும் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். மண்சாடி சீக்கிரம் காயும், பிளாஸ்டிக் சாடியில் ஈரம் நிற்கும். வீதியோர வீடுகளில் இலையில் படியும் தூசியை ஈரத்துணியால் துடைத்தால் இருக்கிற வெளிச்சமாவது உள்ளே போகும். மினுக்கத்துக்காகத் தேங்காயெண்ணெய் பூசுவது வேண்டாம். அது இலையின் சுவாசத்தை அடைக்கும், தூசியையும் பிடித்து வைக்கும்.

தவழும் பிள்ளை உள்ள வீடு

சேம்பங்கிழங்கு சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிப்பது நமக்குத் தெரியும். அதிலுள்ள ஊசி போன்ற நுண்ணிய ஒக்சலேட் பளிங்குகளே காரணம். நாம் ஆசையோடு வீட்டுக்குள் வைக்கும் மணி பிளான்ட், அந்தூரியம், அக்லோனிமா, பீஸ் லில்லி, பிலோடென்ட்ரன், இசட் இசட் எல்லாம் அந்தச் சேம்புக் குடும்பத்துப் பிள்ளைகள்தாம். எல்லாவற்றிலும் அந்த ஊசி உண்டு. மிக மோசமானது டிபன்பேக்கியா. மூங்கில் போன்ற தண்டும், வெண்புள்ளி இறைத்த பெரிய இலையும் உள்ளது அது. கடித்தால் நாக்கும் உதடும் வீங்கிப் பேச்சே வராது போகும். ஆங்கிலத்தில் ஊமைக் கரும்பு என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. கைக்கு எட்டியதை வாயில் வைக்கும் வயதில் பிள்ளை இருந்தால் அதை வீட்டுக்கே கொண்டுவர வேண்டாம். மற்றவற்றைக் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். ஸ்பைடர் பிளான்ட், அரேக்கா பனை, கூடையில் தொங்கும் சாதாரணப் பன்னம் ஆகியவற்றில் இந்தப் பயமில்லை.

பிள்ளை கடித்துவிட்டால் வாயிலுள்ளதைத் துடைத்தெடுத்துத் தண்ணீரால் கழுவுங்கள். குளிர்ந்த பாலோ தண்ணீரோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டப்பட்டால், எச்சில் வழிந்துகொண்டே இருந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இலைத் துண்டொன்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சாடித் தட்டும் நுளம்பும்

2017இல் நமது நாட்டில் 1,86,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். டெங்கு நுளம்பு தேடுவது சாக்கடையை அல்ல, வீட்டுக்குள்ளும் சுற்றிலும் தேங்கும் சிறிதளவு தெளிந்த நீரை. சாடிக்கு அடியில் வைக்கும் தட்டு, மணி பிளான்ட் போத்தல், மூங்கிலே இல்லாமல் மூங்கில் என்று விற்கப்படும் லக்கி பம்பூக் குவளை, இலை நடுவில் கிண்ணம் போலத் தண்ணீர் பிடிக்கும் புரோமிலியாட் செடி எல்லாம் அதற்கு வசதியான தொட்டில்கள். முட்டை முழு நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வாரம் இருமுறை தண்ணீரை மாற்றுங்கள். உட்புறத்தைத் தும்பால் தேய்த்துக் கழுவுங்கள். தட்டில் விளிம்பு வரை மணல் நிரப்பினால் கசிகிற தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். என்னைக் கேட்டால் நீரில் வளர்ப்பதைக் கைவிட்டு, அதே மணி பிளான்டைத் தும்புத்தூள் கலந்த மண்ணில் நடுவதே மேல். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வீட்டுக்காரர் மீது வழக்கும் தொடரலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தட்டைக் கவிழ்த்துப் பார்க்கும் வரை நாம் காத்திருப்பானேன்?

இனிக் கடைக்குப் போகலாம். பூவின் எண்ணிக்கையைப் பார்க்காமல் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு போன்ற வெள்ளைப் பூச்சி அங்கேதான் ஒளிந்திருக்கும். சாடியின் அடித் துளையில் வேர் கறுத்து நாறினால் வாங்க வேண்டாம். கடையில் அது எந்த நிழலில் நின்றது என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் நின்ற செடியானால் முதல் பத்து நாள் விறாந்தையில் வைத்து, பிறகு ஜன்னலோரம், அதன் பிறகே உள்ளே. அந்த நாட்களில் சாடி மாற்றுவதோ உரம் போடுவதோ வேண்டாம். இரண்டு மூன்று பழைய இலைகள் உதிரலாம். புது இலை ஒன்று சுருள் விரித்துவிட்டால், அந்த இடம் அதற்குப் பிடித்துவிட்டது.