துருவேறி இறுகிய டிரெய்லர் வில்பட்டைகளைக் கழற்றும் முறை

நம் ஜில்லாவில் பாலக்கோட்டுத் தக்காளியும், அரூர்ப் பக்கத்துக் கரும்பும் மஞ்சளும் வயலைவிட்டு வெளியேறுவது பெரும்பாலும் டிராக்டரின் பின்னே பூட்டிய டிரெய்லரில்தான். அறுவடைச் சமயத்தில் அதன் வில்பட்டை ஒன்று முறிந்துவிடின், மாற்றுவது அரைநாள் வேலையென்று எண்ணிக் குடியானவர்கள் களத்திலேயே தொடங்கிவிடுகின்றனர். பட்டையை மாற்றுவது அரைநாள் வேலையே. அதைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றுவதுதான் இரண்டு நாளாகிவிடுகிறது. அவசரப்பட்டோர் காயமுறுவதும் அதிலேதான்.

இரும்பு நீரோடும் காற்றோடும் கூடித் துருவாகும்போது, அத்துரு தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. மரைகளின் இடுக்கில் பருக்க இடமின்றி, ஆப்பு அடித்தாற்போல் நட்டை இறுக்கிவிடுகிறது. உப்புச் சேர்ந்தால் துரு விரைந்து ஏறும். பொட்டாஷ் உரமும் தொழுவெருவும் ஏற்றிய டிரெய்லரைக் கழுவாமல் மழையில் நிறுத்துவது இதற்கு வழி செய்வதாகும். நம் தகடூர் அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமான் நெய் பூசி அடுக்கிவைத்த படைக்கலங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்ததைப் புறநானூற்றில் காண்கிறோம். படைக்கு அது இழுக்காயினும் டிரெய்லருக்கு இழுக்கன்று.

வேலைக்கு முன் பாரத்தை முற்றும் இறக்குக. இரண்டு சக்கர டிரெய்லராயின் டிராக்டரோடு பூட்டியபடியே, சமதரையில், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தவேண்டும். ஜாக்கியால் சட்டத்தைத் தூக்கியபின் அதன்கீழ்க் கனத்த மரக்கட்டைகளை அடுக்குக. செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் திடீரென நொறுங்கும். அச்சுக்கும் தனியே தாங்கல் வேண்டும், யூ போல்ட்டு கழன்றதும் அச்சு விடுபட்டுவிடும் ஆதலால். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவனை அடியில் படுக்கவைப்பது எக்காரணத்தாலும் கூடாது. ஊராட்சிக்கு டிராக்டர் உள்ள ஊர்களில் கிராம உத்தியோகஸ்தர்கள் இதைக் கண்டிப்பாய்க் கவனித்தல் நலம்.

முதல்நாள் மாலையே நட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் மரையைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, துருநீக்கும் எண்ணெய் விடுக. அது கிடையாவிடின் மண்ணெண்ணெயோ டீசலோ ஓரளவு உதவும். இரவில் இரண்டொரு முறை மீண்டும் விடலாம். காலையில், நட்டின் ஒரு பக்கத்தில் கனத்த சம்மட்டியை அணைத்துப் பிடித்து எதிர்ப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டினால், அதிர்ச்சியில் துரு விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்கும். பின் ரிங் ஸ்பானர் கொண்டு முதலில் சற்றே இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு தளர்த்துக. சிறிது அசைந்ததும் ஒரே மூச்சில் சுழற்றாமல், முன்னும் பின்னுமாக எண்ணெய் விட்டு விட்டுத் திருப்பவேண்டும். ஸ்பானரில் நீண்ட குழாயைச் செருகித் தொங்குவோர் பலர். போல்ட்டு அறுந்ததும் தாமும் விழுகிறார்கள்.

இவ்வளவுக்கும் இணங்காத யூ போல்ட்டைத் தயங்காமல் வெட்டிவிடலாம். கழற்றிய யூ போல்ட்டைத் திரும்பப் பூட்டலாகாது என்பது விதி. ஆதலின் அதைக் காப்பாற்றப் பாடுபடுவதில் பயனில்லை. காக்கவேண்டியவை அச்சும் நல்ல பட்டைகளும். வெட்டும்போதும் அடிக்கும்போதும் கண்ணாடி அணிக.

நட்டைச் சூடேற்றி விரியச்செய்தல் கொல்லர் அறிந்த உபாயமே. ஆனால் மண்ணெண்ணெய் ஊறிய இடத்தில் நெருப்பு ஆகாது. டயருக்கு அருகில் அறவே ஆகாது, அது வெடிக்கக்கூடும். வில்பட்டையின் மேல் சூடு ஏறினால் அதன் பதம் போய், அடுத்த பாரத்தில் வளைந்தே நின்றுவிடும். பட்டையை வெல்டிங் செய்வதும் இதே காரணத்தால் தவறு.

பட்டையின் கண்ணிலுள்ள முளை வராவிடின், அடிக்குமுன் அதைப் பூட்டியிருக்கும் சிறு போல்ட்டோ தகடோ எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். அது உள்ளிருக்கவே சம்மட்டியால் அடித்து, முளையின் தலை பூவாய் விரிந்துபோவது பட்டறைகளில் அடிக்கடி காணும் காட்சி. முளைக்கும் சம்மட்டிக்கும் நடுவே பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து அடிக்கவேண்டும். பட்டைகளை ஒன்றாய்க் கோத்த நடு போல்ட்டைக் கழற்றுமுன், இருபுறமும் கிளாம்பு போட்டு இறுக்குக. இல்லையேல் பட்டைகள் எகிறி அடிக்கும்.

திரும்பப் பூட்டும்போது மரையைச் சுத்தம் செய்து, வெளியே நீளும் பகுதிக்குக் கிரீஸ் தடவுக. புதிய யூ போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாய் இறுக்கி, முதல் பாரம் ஏற்றி இறக்கியபின் மறுபடி ஒருமுறை ஸ்பானர் போடவேண்டும். பட்டைகள் அமர்ந்து நட்டுகள் தளர்ந்திருக்கும்.