விண்ணேட்டில் நேர்ந்த பிழைகளும் திருத்தங்களும்

ஒவ்வோர் ஆண்டும் முதலாம் வகுப்பில் சேர வரும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களை நாம் பார்வையிடுகையில், ஓரெழுத்து மாறிய பெயரையோ, தந்தையின் அடையாள அட்டையோடு ஒத்துவராத எண்ணையோ காண நேர்வதுண்டு. எழுதியவர் ஒரு நொடியில் செய்த பிழை அது. அதைச் சுமப்பதோ அந்தப் பிள்ளை. ஏட்டில் ஏறிய பிழை தானாக மறைவதில்லை. எவரேனும் மூலத்தைத் தேடி, ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தினாலன்றி அது தலைமுறை தாண்டியும் நிலைத்துவிடும். மக்களைப் பற்றிய ஏடுகளில் மட்டுமன்று, விண்ணைப் பற்றி அறிஞர்கள் எழுதிவைத்த ஏடுகளிலும் இத்தகைய பிழைகள் உண்டு. அவை எவ்வாறு நேர்ந்தன, எவ்வாறு திருத்தப்பட்டன என்பதை ஈண்டுக் காண்போம்.

நம் சூரியனும் கோடானுகோடி விண்மீன்களும் சேர்ந்த பெருந்தொகுதிக்குப் பால்வழி மண்டலம் என்று பெயர். இது போன்ற விண்மீன் மண்டலங்கள் பேரண்டத்தில் எண்ணிறந்தன. அவை மிகத் தொலைவில் இருப்பதால், சிறிய தொலைநோக்கியில் மங்கிய புகைத்திட்டுகளாகவே தோன்றும். அவை நம் மண்டலத்துக்கு அப்பாற்பட்ட தனி மண்டலங்கள் என்பது, அமெரிக்க வானியலறிஞர் எட்வின் ஹப்பிள் 1920ஆம் ஆண்டுகளில் செய்த ஆராய்ச்சியால் உறுதியாயிற்று. அதற்கு முன் வாழ்ந்தோர் புகைபோல் தோன்றிய எல்லாவற்றையும் நெபுலா என்னும் ஒரே பெயரால் அழைத்தனர்.

அவற்றைப் பட்டியலிட்டவர்களுள் புகழ்பெற்றவர், பிரான்சு நாட்டைச் சேர்ந்த சார்லசு மெசியே ஆவார். 1730இல் பிறந்த இவர், பாரிசு நகரில் இருந்துகொண்டு வால்மீன்களைத் தேடுவதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்தார். வால்மீனும் முதலில் புகைத்திட்டுப் போலவே தோன்றும். ஆனால் அது நாளுக்கு நாள் இடம் பெயரும், நெபுலாவோ பெயராது. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதிருக்க, இடம் பெயராதவற்றுக்கு எண்ணிட்டு அவர் ஒரு பட்டியல் எழுதலானார். 1781இல் அப்பட்டியலில் 103 பொருள்கள் இருந்தன. இன்றும் அவை மெசியே 1, மெசியே 2 என்றே வழங்கப்படுகின்றன.

விண்ணில் ஒரு பொருளின் இடத்தை எவ்வாறு குறிப்பது? மாணவச் செல்வங்களே! ரப்பர்த் தோட்டத்தில் மரங்கள் நிரை நிரையாக நிற்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு மரத்தை அடையாளம் காட்ட வேண்டுமானால், "கிணற்றோரத்து மரத்திலிருந்து கிழக்கே ஐந்தாவது, வடக்கே மூன்றாவது" என்று சொல்வோம். அக்கால வானியலாரும் அவ்வாறே செய்தனர். இடம் தெரிந்த ஒரு விண்மீனையோ நெபுலாவையோ தொடக்கமாக வைத்து, அங்கிருந்து புதிய பொருள் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்தனர். பின்னர் தொடக்கப் பொருளின் இடத்தோடு அவ்வளவைச் சேர்த்துக் கணக்கிட்டனர். எண்ணிக்கை சரியாக இருந்தாலும், தொடங்கிய மரம் வேறாகிவிட்டால் போய்ச் சேரும் மரமும் வேறாகிவிடும் அன்றோ?

மெசியே 91க்கு நேர்ந்தது இதுவே. 1781 மார்ச்சு 18ஆம் நாள் இரவில் மெசியே, கன்னி இராசியை ஒட்டிய பகுதியில் மட்டும் எட்டுப் புதிய நெபுலாக்களைக் குறித்தார். அவற்றுள் கடைசியானது 91. ஆயினும் அவர் குறித்த இடத்தைப் பின்வந்தோர் நோக்கியபோது அங்கே ஒன்றும் இல்லை. அவ்வழியே சென்ற வால்மீனை மெசியே பார்த்திருக்கலாம் என்றனர் சிலர். 58ஆம் பொருளையே மீண்டும் ஒருமுறை எழுதிவிட்டார் என்றனர் வேறு சிலர்.

ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்குப் பின், 1969இல், அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் வில்லியம்சு இதற்கு விடை கண்டார். அவர் வானியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். ஆர்வத்தால் வானை நோக்கியவர். மெசியே அளந்தது 89ஆம் பொருளிலிருந்து. ஆனால் கணக்கிட்டதோ 58ஆம் பொருளின் இடத்தை வைத்து என்று அவர் காட்டினார். அதே அளவை 89இலிருந்து எண்ணிப் பார்த்தால், அங்கே ஓர் அழகிய சுருள் வடிவ விண்மீன் மண்டலம் இருக்கிறது. அதுவே மெசியே 91 என்று இன்று பெரும்பாலோர் ஏற்கின்றனர். அதனை 1784இலேயே வில்லியம் எர்செல் தனியாகக் கண்டு குறித்திருந்தார். ஆகவே பொருள் தொலைந்து போகவில்லை. அதன் பெயர்தான் தொலைந்திருந்தது.

மே மாதத்தில் இரவு பத்து மணியளவில் நம் நாட்டில் வானை அண்ணாந்து பார்த்தால், சித்திரை நட்சத்திரம் உயரத்தில் ஒளிர்வதைக் காணலாம். அதற்கு வடமேற்கே உள்ள பகுதியில்தான் இம்மண்டலங்கள் யாவும் இருக்கின்றன. வெறுங் கண்ணுக்கு அவை புலப்படா, தொலைநோக்கி வேண்டும்.

அடுத்தது மெசியே 102. இதனைக் கண்டவர் மெசியேயின் நண்பர் பியேர் மெசேன். அச்சுக்கு அனுப்பும் அவசரத்தில், தாம் நேரில் சரிபாராமலே நண்பரின் சொல்லை ஏற்று மெசியே பட்டியலில் சேர்த்துவிட்டார். அச்சான குறிப்பில் அது இரு விண்மீன்களுக்கு இடையே இருப்பதாகக் கூறப்பட்டது. அவ்விரண்டில் ஒன்று ஓமிக்ரான் என்னும் கிரேக்க எழுத்தால் குறிக்கப்பட்டது. ஆனால் அந்த விண்மீனோ மற்றதிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. ஓமிக்ரான் வெறும் வட்டம். தீட்டா என்னும் எழுத்தோ நடுவே கோடிட்ட வட்டம். தீட்டா என்று கொண்டால் இடம் பொருந்துகிறது. நம் தமிழில் ரகரமும் துணைக்காலும் மயங்குவதைப் போன்ற மயக்கம் இது.

1783இல் மெசேன், பெர்லின் நகரிலிருந்த பெர்னூலி என்னும் அறிஞருக்குக் கடிதம் எழுதினார். 102 என்பது புதிய பொருளன்று, 101ஐயே தவறுதலாக மீண்டும் குறித்துவிட்டதாக அதில் ஒப்புக்கொண்டார். தம் பெயருக்குரிய ஒரு கண்டுபிடிப்பைத் தாமே நீக்கிக்கொள்ள எவ்வளவு நேர்மை வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். எனினும், அச்சான விளக்கம் தீட்டாவுக்கு அருகே உண்மையாகவே உள்ள வேறொரு மண்டலத்துக்கு நன்கு பொருந்துகிறது என்பாரும் உளர். இவ்வழக்கு இன்னும் முடியவில்லை. போதிய சான்று கிடைக்கும்வரை இரு கருத்தையும் எழுதி வைப்பதே அறிவுடைமை.

பிற்காலத்தில் தொலைநோக்கிகள் பெரியனவாயின, பட்டியல்களும் பெருகின. அயர்லாந்தின் ஆர்மா வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிரையர் என்னும் டென்மார்க்கு நாட்டறிஞர், அவற்றையெல்லாம் தொகுத்து 1888இல் 7,840 பொருள்கள் கொண்ட புதிய பொதுப் பட்டியலை வெளியிட்டார். பலர் எழுதியதைத் தொகுத்தமையால் பலருடைய பிழைகளும் உடன் வந்தன. மெசியே 47 என்னும் விண்மீன் கொத்துக்கு அதில் இரண்டு எண்கள் கிடைத்தன: 2422 உண்மையான கொத்துக்கு, 2478 மெசியே தவறாகக் குறித்த வெற்றிடத்துக்கு. கணக்கில் கூட்டல் குறிக்கும் கழித்தல் குறிக்கும் நேர்ந்த மாற்றமே அதற்குக் காரணம் என்று கனடாவைச் சேர்ந்த மோரிசு என்பவர் 1959இல் விளக்கினார். ஒரு சிறு குறி மாறியதால் ஒரு கொத்து விண்ணில் இடம் மாறிப் போயிற்று!

டிரையர் தம் நூலில் பிழையே இல்லை என்று வாதிடவில்லை. எர்செலின் பழைய குறிப்புகளை மீண்டும் ஆராய்ந்து, தம் பட்டியலுக்கான திருத்தங்களை 1912இல் தாமே வெளியிட்டார்.

திருத்துவோரும் அவசரப்படலாகாது. 1973இல் அப்பட்டியலின் திருத்தப் பதிப்பொன்று வெளிவந்தது. குறித்த இடத்தின் புகைப்படத்தில் ஒன்றும் காணாமையால், சில பொருள்கள் அதில் "இல்லாதவை" எனக் குறிக்கப்பட்டன. பின்னர் பழைய குறிப்பேடுகளைப் பொறுமையாகப் படித்தோர், அவற்றுள் பல சற்றுத் தள்ளி உண்மையில் இருப்பதைக் கண்டறிந்தனர். குறித்த இடத்தில் காணவில்லை என்பது வேறு. இல்லவே இல்லை என்பது வேறு.

இவ்வாராய்ச்சியாளர் கையாளும் முறை எளியது. முதலில், கண்டவர் தம் கையால் எழுதிய மூலக் குறிப்பைத் தேடுவர். அடுத்து, அவர் அன்றிரவு எதிலிருந்து அளந்தார், அருகில் எந்த விண்மீனைக் கண்டதாக எழுதினார் என்று பார்ப்பர். பின்னர் அதனை வானத்தின் புகைப்படத்தோடு ஒப்பிடுவர். பிழை எவ்வாறு நேர்ந்தது என்பது விளங்கினால்தான் திருத்தம் உறுதியாகும். திருத்திய பின்னும் பழைய எண்ணை அழிப்பதில்லை. இன்ன எண் இன்ன பொருளைக் குறிக்கும் என்று எழுதி வைப்பர்.

மாணவர்களே, கணக்கில் விடை தவறினால் தாள் கிழியுமளவும் அழிக்காதீர்கள். ஒரு கோடிட்டு அடித்து, கீழே சரியானதை எழுதுங்கள். எந்த வரியில் வழி தவறினோம் என்பதை அந்தப் பழைய வரியே உங்களுக்குக் காட்டும்.

பெற்றோர்களே, பிள்ளையின் பத்திரத்தைப் பெற்ற அன்றே ஒவ்வோர் எழுத்தையும் எண்ணையும் சரிபாருங்கள். படிக்க இயலாதவர் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மருத்துவமனைச் சீட்டையும், தடுப்பூசி அட்டையையும், திருமணப் பத்திரத்தையும் பழைய தாள் என்று எறிந்துவிடாதீர்கள். பின்னாளில் பிழை திருத்த வேண்டி வந்தால் அவையே மூலக் குறிப்புகள். தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் பெயரை மீட்க 190 ஆண்டுகள் சென்றன. நம் பிள்ளையின் பெயரைச் சரியாக வைத்திருக்க ஒரு நாள் போதும்.