பம்ப் போச்சு, டேங்க் ஃபுல்! பெட்ரோலை எப்படி இறக்குவது?

“பம்ப் போயிடுச்சு சார். டேங்க்கைக் காலி பண்ணாமக் கழட்ட முடியாது.” டேங்க்கை நிரப்பிய கையோடு கார் நின்றுபோனவர்கள் ஒர்க்‌ஷாப்பில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. பம்ப் ஓடினால் பெட்ரோலை அதன் வழியாகவே வெளியே எடுத்துவிடலாம். அது செத்துப்போனால், ஸ்விஃப்ட் போன்ற காரில் இருக்கும் 37 லிட்டரையும் வேறு வழியில்தான் இறக்க வேண்டும். சற்று நேரத்தில் ஒரு தண்ணீர் கேனும் ஒரு முழ டியூபும் வந்து சேரும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

அம்பாசடர், பத்மினி காலத்தில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு இருந்தது. அது பழுதானால் டேங்க்கைத் தொடவே வேண்டாம். இன்றைய கார்களில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. அதைச் சூடாகாமல் காப்பதே சுற்றியிருக்கும் பெட்ரோல்தான். பெட்ரோல் ஊற்றும் வாயில் டியூபை விடலாம் என்றால், கார் கவிழ்ந்தால் எரிபொருள் கொட்டாமலிருக்க அந்தக் குழாயில் பல கம்பெனிகள் வால்வு வைத்திருக்கின்றன. டியூப் உள்ளே போகாது. பிளாஸ்டிக் டேங்க்குகள் பலவற்றில் அடியில் திறந்துவிடும் திருகும் கிடையாது. எனவே பின் சீட்டைத் தூக்கி மேல்மூடி வழியாகவோ, அந்த வசதி இல்லாத கார்களில் டேங்க்கையே இறக்கியோதான் வேலை நடக்கும். நிறைந்த டேங்க் என்றால் பெட்ரோல் மட்டுமே சுமார் 27 கிலோ.

உண்மையிலேயே பம்ப்தானா?

பெட்ரோலில் கை வைப்பதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். சாவியைத் திருப்பியதும் பல கார்களில் பின் சீட்டின் அடியிலிருந்து ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது கேட்கவில்லை என்பதற்காகப் பம்ப் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட முடியாது. ஃப்யூஸ் போயிருக்கலாம், ரிலே ஒட்டாமல் இருக்கலாம், கனெக்டர் கழன்றிருக்கலாம், பேட்டரி இறங்கியிருக்கலாம். பம்ப்பின் கனெக்டருக்கு மின்சாரம் வந்தும் அது சுற்றவில்லை என்றால்தான் பம்ப் போய்விட்டது என்று பொருள். அதை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்பது வண்டிக்காரரின் உரிமை.

மேல்மூடி உள்ள கார்களில் டேங்க் முழுவதையும் வடிக்க வேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. திறக்கும்போது வழியாத அளவுக்கு மட்டம் குறைந்தால் பெரும்பாலும் போதும். அந்த மாடலுக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது கம்பெனியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

பெட்ரோல் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியை வெளிவிடும். காற்றில் அந்த ஆவி ஒன்றரை சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அது காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடிப் போகிறது. காருக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் பிட்டில் இறங்கித் தங்குகிறது. அங்கே தொங்கும் பல்பு உடைந்தாலோ, தள்ளியிருக்கும் கம்ப்ரஸர் ஸ்விட்ச் பொறி விட்டாலோ, கடையின் சாமி படத்துக்கு ஏற்றிய விளக்கை ஆவி எட்டினாலோ போதும்.

மீந்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மெக்ஸிகோவின் குவாடலஹாரா நகரம் சாட்சி. அங்கே குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல் பாதாளச் சாக்கடையில் கலந்து, 1992 ஏப்ரல் 22 அன்று தெருத்தெருவாக வெடித்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கசிந்த அளவு பெரியதுதான். ஆனால் சாக்கடைக்குள் ஆவி வெடிக்கும் விதம், அளவு சிறியதானாலும் மாறுவதில்லை.

வாயால் உறிஞ்சுவது இன்னொரு பழைய வழக்கம். ஒரு மிடறு பெட்ரோல் புரையேறி நுரையீரலுக்குள் போனாலே கடுமையான அழற்சி ஏற்படும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அப்போதுதான் அது நுரையீரலுக்குள் போகும் அபாயம் அதிகம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சரியான முறை எது?

காற்றோட்டமான திறந்த வெளி, பிட்டிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் தள்ளிய இடம். பேட்டரியின் நெகட்டிவ் வயரை, மூடியைத் திறப்பதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். காரின் உலோக உடலையும் வாங்கும் கேனையும் எர்த் வயரால் இணைத்தால் நிலைமின்சாரப் பொறி தவிர்க்கப்படும். எரிபொருளுக்கென்றே தயாரித்த கைப்பம்ப்பையோ, மூடிய அமைப்பிலேயே உறிஞ்சும் கருவியையோதான் பயன்படுத்த வேண்டும். கடையில் விற்கும் சாதாரண 12 வோல்ட் மோட்டார் கூடவே கூடாது. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்.எஸ்.இ., கராஜ்களுக்கென்றே வெளியிட்ட குறிப்பில் வலியுறுத்துவதும் இந்த மூடிய கருவியைத்தான். உலர் ரசாயனப் பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ பரவும்.

இறக்கிய பெட்ரோலை எதில் வைப்பது? 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியம் சட்டப்படி, வாகனத்தின் டேங்க்கில் உள்ள எரிபொருளுக்கு உரிமம் வேண்டாம். அதற்கு மேல், தன் வண்டிக்காக உரிமையாளர் 100 லிட்டர் வரை உரிமமின்றி வைத்திருக்கலாம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. இறுக மூடிய உலோகக் கலன் என்றால் 25 லிட்டருக்கு மிகாமலும், கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மொத்தம் 30 லிட்டரைத் தாண்டினால், ஆட்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் அறையோடு தொடர்பில்லாத தனி இடத்தில் வைக்க வேண்டும். ஸ்விஃப்டின் முழு டேங்க் இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. பிளாஸ்டிக் தண்ணீர் கேனுக்குச் சட்டத்தின் பட்டியலில் இடமே இல்லை.

செலவு யாருடையது?

பம்ப் பழுது சில நேரம் தயாரிப்புக் குறையாகவும் இருக்கலாம். 2020 ஜூலையில் மாருதி சுசூகி, வேகன்-ஆர், பலேனோ கார்கள் 1,34,885-ஐப் பெட்ரோல் பம்ப் குறைக்காகத் திரும்ப அழைத்தது. 2024 அக்டோபரில் ஹோண்டா 90,468 பழைய கார்களுக்குப் பம்ப்பை இலவசமாக மாற்றித்தருவதாக அறிவித்தது. பம்ப்புக்குள் சுழலும் சிறு சக்கரத்தின் குறையால் இன்ஜின் நின்றுபோகவோ, ஸ்டார்ட் ஆகாமல் போகவோ வாய்ப்புண்டு என்பதே காரணம். கம்பெனியின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைப் பதிந்தால் தங்கள் கார் பட்டியலில் உள்ளதா என்று உரிமையாளர்கள் தெரிந்துகொள்ளலாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை அரசுக்குத் தந்திருக்கிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன.

வழக்கமான காப்பீட்டில் பம்ப் பழுதுக்குப் பணம் கிடைக்காது. அது இயந்திரக் கோளாறு. தீ விபத்துக்குக் காப்பீடு உண்டு. ஆனால் வண்டியைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்பது பாலிசியின் நிபந்தனை. தண்ணீர் கேனில் பெட்ரோல் பிடித்துத் தீப்பற்றினால் அந்தக் கேள்வி எழும்.

ஒர்க்‌ஷாப்பில் நான்கு விஷயங்களை வாய்விட்டுக் கேட்க வேண்டும்: எழுத்தில் மதிப்பீடு, கழற்றிய பழைய பம்ப், அளந்து திருப்பித் தரும் பெட்ரோல், முறையான பில். லிட்டர் நூறு ரூபாய் என்றாலே 37 லிட்டர் 3,700 ரூபாய். அது வண்டிக்காரரின் பணம். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் செய்யலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.