நந்தியாவட்டைச் செடியில் நீலக்கண் புழு!

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் பூஜைக்கென்று ஒரு நந்தியாவட்டைச் செடி நிற்கும். காலையில் பூப்பறிக்கப் போகிற பெண்கள் சில நாள் "ஐயோ!" என்று கையை இழுத்துக் கொள்வார்கள்.

இலை மறைவில் ஒரு பச்சைப் புழு! விரல் பருமன். முன்பக்கம் இரண்டு நீலக் கண்கள். பின்பக்கம் ஒரு சிறு கொம்பு.

உடனே துடைப்பம் வரும். புழுவின் கதை முடிந்தது!

கடிக்காது, கொட்டாது

பாவம், அது ஒன்றும் செய்யாது. அந்தக் கண்கள் நிஜக் கண்களே அல்ல. பறவைகளை மிரட்டும் வெறும் புள்ளிகள். தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்தப் பொய்க் கண்களை உருட்டிக் காட்டும்!

ஆடு மாடு ஒதுக்குகிற அரளி இலையையும் இது தின்னும். அரளி விஷம் இதை ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் இதற்கு 'அரளி அந்துப்பூச்சி' என்று பெயர். 1758-ம் ஆண்டு சுவீடன் அறிஞர் லின்னேயஸ் பெயர் வைத்தபோதும், அரளியைச் சேர்த்தே வைத்தார்.

வளர்ந்த புழு பழுப்பு நிறமாகிக் கீழே இறங்கும். சருகுக்கு அடியில் கூட்டுப்புழுவாகும். பிறகு வெளிவருகிற பூச்சியைப் பார்க்க வேண்டுமே! பச்சைப் பட்டில் ரோஜா நிறக் கோலம் போட்டது போல இருக்கும். சிறகை விரித்தால் ஏறக்குறைய 4 அங்குலம். பொழுது சாய்ந்ததும் வரும். பூவில் உட்காராமல், அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும்.

இங்கிலாந்தில் அதிசயம்

கோடையில் இது தெற்கேயிருந்து ஐரோப்பாவுக்குப் பறந்து போவதுண்டு. ஆனால் அங்குள்ள குளிர்காலத்தைத் தாங்காது. இங்கிலாந்தில் ஒன்று தென்பட்டால் பெரிய விசேஷம். இங்கேயோ துடைப்ப அடி!

அந்த நாட்டில் 1968 முதல் இரவில் விளக்கு வைத்து அந்துப்பூச்சிகளைப் பிடித்து எண்ணி வருகிறார்கள். 2017-க்குள், அதாவது 50 வருஷத்தில், பெரிய அந்துப்பூச்சிகளின் தொகை 33 சதவீதம் குறைந்துவிட்டது! இருப்பிடம் அழிந்ததும், இரவைப் பகலாக்கும் விளக்குகளும் காரணங்களில் சேர்ந்தவை.

அரளி அந்துப்பூச்சி அபூர்வப் பூச்சி அல்ல. ஆனால் தியாகராய நகரில் தனி வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. கொல்லையெல்லாம் சிமெண்டுத் தரை. புழு எங்கே இறங்கும்? அடையாறு தியாசாபிகல் சொசைட்டி தோட்டத்திலும் கிண்டி காட்டிலும் இன்னும் மண்ணும் சருகும் இருக்கின்றன. வீட்டுக் கொல்லையில் சருகைக் கூட்டிக் கொளுத்தினால், அதோடு கூட்டுப்புழுவும் சாம்பல்தான்.

நாலு இலை போனால் நந்தியாவட்டை பட்டுப்போகாது, மறுபடி துளிர்க்கும். செடியடியில் ஒரு முறம் சருகை அப்படியே விட்டுவைத்தால் போதும். இரண்டு மூன்று வாரம் கழித்து, விளக்கேற்றும் நேரத்தில், குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டலாம்.