கால் இல்லாமல் ஓடுபவை

டீ ஆறிக்கொண்டிருந்தது. அக்கா மகள் டம்ளரைத் தொடவே இல்லை. ஆங்கில அகராதியில் ‘ரன்’ இருக்கும் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, “இதுல எதை மாமா மனப்பாடம் பண்றது?” என்றாள். பன்னிரண்டாம் வகுப்பு.

அவள் கையில் இருந்தது சின்ன அகராதிதான். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் புதிய பதிப்புக்காக இந்த ஒரு சொல்லோடு பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் தேறியது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல்லாக ‘செட்’தான் முதலிடத்தில் இருந்தது.

“ஒண்ணையும் மனப்பாடம் பண்ணாதே. டீயைக் குடி. நம்ம ‘ஓடு’வை முதல்ல பார்ப்போம்” என்றேன்.

பஸ் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடுகிறது. ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடுகிறது. இவற்றில் எதற்கும் கால் இல்லை. ஆனாலும் யாரும் அவளுக்கு அர்த்தம் சொல்லித்தரவில்லை. நிற்காமல் தொடர்ந்து போவது எதுவானாலும் நமக்கு அது ஓட்டம். ரன்னின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. நீர் ஓடுவது என்ற பொருள் பழைய ஆங்கிலத்திலேயே அதற்கு உண்டு. அதனால்தான் மூக்கு ஒழுகினாலும் அவர்களுக்கு ரன், துணியில் சாயம் இறங்கினாலும் ரன். நாம் அந்த இடங்களுக்கு வேறு சொல் வைத்துக்கொண்டோம்.

“சரி, ஒருத்தர் கடையை ரன் பண்றார்னா? அவர் ஓடலையே.”

நல்ல கேள்வி. எனக்கு இந்தச் சொல்லில் மிகப் பிடித்த இடமும் இதுதான். தானாகப் போனால் ‘ஓடு’, ஒன்றைப் போகவைத்தால் ‘ஓட்டு’. தமிழில் ஒரு ஒற்று அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பழைய ஆங்கிலத்திலும் இப்படி இரண்டு வினைகள் இருந்தன: தான் ஓடுவதற்கு ஒன்று, குதிரையை ஓட்டுவதற்கு இன்னொன்று. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே ரன் ஆகிவிட்டது. கடையை ரன் செய்பவர் ஓடுவதில்லை, ஓட்டுகிறார். ‘எப்படியோ குடும்பத்தை ஓட்டறேன்’ என்று நாம் சொல்வதில்லையா? இயந்திரத்தை இயக்குவது, கம்ப்யூட்டரில் புரோகிராமை இயக்குவது எல்லாம் இந்த ‘ஓட்டு’ப் பக்கம்தான்.

தேர்தல் வந்தால் ஆங்கிலமே இரண்டாகப் பிரிகிறது. அமெரிக்காவில் வேட்பாளர் ஓடுகிறார், பிரிட்டனில் நிற்கிறார். நம் ஊர் வேட்பாளரும் நிற்கத்தான் செய்கிறார்.

மனப்பாடம் வேண்டிய இடமும் உண்டு. ரன்னுக்குப் பின்னால் ஒட்டும் குட்டிச் சொற்கள். ‘ரன் அவுட்’ என்றால் சர்க்கரை தீர்ந்துபோவது. ‘ரன் இன்டு’ என்றால் ஒருவரை எதிர்பாராமல் சந்திப்பது, ‘ரன் ஓவர்’ என்றால் வண்டியை ஏற்றிவிடுவது. சொல்லைப் பிரித்துப் பார்த்து இவற்றை முழுதாக ஊகிக்க முடியாது; வாக்கியத்தோடு சேர்த்துப் பழக வேண்டும்.

அவள் அகராதிப் பக்கத்தில் விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினாள். “ரோடு ஆத்தங்கரையோரமா ரன் ஆகுதுன்னு போட்டிருக்கு. ரோடு அசையவே அசையாதே மாமா.”

“நீ பஸ் ஸ்டாண்டுல வழி கேட்கும்போது எப்படிக் கேட்பே?”

“இந்த ரோடு எங்க போகுதுன்னு...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திச் சிரித்தாள். பிறகு டம்ளரை எடுத்தாள்.