குட்டைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. குட்டையைக் காப்பது யார்?

அறுபது ஆண்டுக் கோரிக்கை ஒருவழியாக 2024 ஆகஸ்ட் 17 அன்று நிறைவேறியது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அன்று தொடங்கி வைத்தார். இதற்காக அவிநாசியில் நடந்த கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் கணக்கில்லை. 2016 பிப்ரவரியில் இங்கே காலவரையற்ற உண்ணாவிரதமே இருந்தார்கள். 2019 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 1,916 கோடி ரூபாய் செலவானது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரி நீர், ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு வருகிறது.

இத்தனை பாடுபட்டு வாங்கிய தண்ணீர் வந்து நிற்க வேண்டிய இடம் குட்டை. அந்தக் குட்டை யாருடையது, அதன் எல்லை எது, அதில் கழிவைக் கொட்டினால் எங்கே போய்ச் சொல்வது என்பதெல்லாம் நம்மில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அதற்காக.

முதலில் திட்டம் எதைத் தருகிறது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் தண்ணீர் விடுவதாக யாரும் சொல்லவில்லை. ஆற்றில் உபரி ஓடும்போது மட்டும், விநாடிக்கு 250 கன அடி வீதம், 70 நாளில் 1.5 டி.எம்.சி. எடுப்பதுதான் கணக்கு. ஆகவே சித்திரை வெயிலில் குட்டை காய்ந்து கிடந்தால் அதை உடனே குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து ஊர்க் குட்டைகள் நிறைந்து உங்கள் ஊர்க் குட்டை மட்டும் காய்ந்திருந்தால் அது புகார் கொடுக்க வேண்டிய விஷயம். குழாய் உடைப்பு, வால்வைத் திருகித் தண்ணீர் திருடுவது, குட்டைக் கரையில் இருக்கும் சூரிய மின்தகட்டையும் அளவுக் கருவியையும் சேதப்படுத்துவது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இடத்தையும் தேதியையும் குறித்து, படம் எடுத்து, நீர்வளத் துறைக்கு எழுத்தில் கொடுங்கள். திட்டத்தில் விடுபட்ட குட்டைகளையும் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் குட்டை பட்டியலில் இல்லையென்றால் அதையும் எழுத்தில்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது உடைமை. இந்த 1,045 நீர்நிலைகளில் 32 மட்டுமே நீர்வளத் துறையின் ஏரிகள். 42 ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை. மீதி 971 சின்னக் குளமும் குட்டையும். ஆக்கிரமிப்பு என்று வந்தால் இந்தப் பிரிவுதான் பெரிய சிக்கல். 2007-இல் வந்த தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் பொதுப்பணித் துறையின் ஏரிகளுக்கானது. அதன்படி எல்லையை அளந்து, அறிவிப்பு கொடுத்து, ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். நம் ஊர்க் குட்டைகளில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்துக்குள் வராது. அதனால் “இது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை” என்று ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்ட, மனு கொடுத்தவர் நடையாய் நடக்கிறார்.

அப்படிக் கைகாட்டச் சட்டத்தில் இடமில்லை. புறம்போக்கு எதுவானாலும் 1905-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தார் அறிவிப்பு கொடுத்து அகற்றலாம். ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு பற்றிய எல். கிருஷ்ணன் வழக்கில் 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம், தமிழகம் முழுவதும் நீர்நிலைகளை அடையாளம் கண்டு மீட்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. 2015-இல் டி.கே. சண்முகம் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட முழு அமர்வு இன்னும் தெளிவாகச் சொன்னது: 2007 சட்டம் வந்துவிட்டதால் மற்ற நீர்நிலைகளைக் காக்கும் அரசின் கடமை குறைந்துவிடாது. மனு எழுதும்போது இந்த இரண்டு தீர்ப்புகளின் பெயரையும் ஆண்டையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அதைப் படிக்கும் அதிகாரிக்கு, எதிரில் இருப்பவர் விவரம் தெரிந்தவர் என்பது புரியும்.

“முப்பது வருஷமா தண்ணியே வரலீங்க, அது எங்கீங்க குட்டை?” என்று கேட்பவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றம் 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் இதற்கு விடை சொல்லிவிட்டது. குளத்தின் ஒரு பகுதி வற்றிப் போனது என்பதால் அதை வீட்டுமனையாக ஒதுக்க முடியாது. 2011-இல் ஜக்பால் சிங் வழக்கிலும், பல ஆண்டு அனுபவித்தேன், பெரும் பணம் போட்டுக் கட்டிவிட்டேன், அரசியல் செல்வாக்கு இருக்கிறது என்பதெல்லாம் ஊர்ப் பொதுநிலத்தை வைத்துக்கொள்ளக் காரணமாகாது என்று அதே நீதிமன்றம் சொன்னது.

எனவே முதல் வேலை, குட்டையின் புல எண்ணைக் கண்டுபிடிப்பது. ஊரின் நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே குட்டை, ஓடை, வாய்க்கால் என்று வகைப்பாடு இருக்கும்; பரப்பும் இருக்கும். வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம். புல வரைபடத்தையும் வாங்கிவிடுங்கள். குட்டையோடு நிறுத்திவிடாமல், அதற்கு மழைநீர் கொண்டுவரும் பள்ளத்தின் புல எண்ணையும் எடுங்கள். எங்கள் பக்கத்தில் குட்டையை நேராக மூடுகிறவர்கள் குறைவு. வரும் பள்ளத்தை மண்போட்டு மேடாக்கிவிட்டால் குட்டை தானாகச் செத்துப்போகிறது. பைப்பில் தண்ணீர் வருகிறதே என்று பள்ளத்தை விட்டுவிட்டால், ஒரு பெருமழையில் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவிநாசி பேரூராட்சி நகராட்சியாக உயர்ந்த பிறகு, சுற்றுவட்டாரத்தில் மனைப்பிரிவுகளுக்கு மவுசு கூடியிருக்கிறது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் நிலத்தின் மேல் உரிமையைத் தராது. நீர்நிலை நிலத்துக்குப் பத்திரப் பதிவு, வரைபட அனுமதி, மின் இணைப்பு, வரி விதிப்பு எதுவும் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2022-இல் அறிவுறுத்தியிருக்கிறது. மனையின் புல எண்ணையும் அதை ஒட்டிய புல எண்களையும் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பட்டா தவறாகக் கொடுக்கப்பட்டிருந்தால் அது ரத்தாகலாம். அப்போது விற்றவர் பணத்தோடு போயிருப்பார்.

ஆக்கிரமிப்பு என்றதும் கரையில் ஓலைக் கொட்டகை போட்டிருக்கும் ஏழைக் குடும்பம்தான் முதலில் கண்ணில் படுகிறது. அவர்களிடமிருந்து தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. தோட்டத்துக் கம்பி வேலியைக் குட்டைக்குள் நகர்த்தி வைத்தவரிடமிருந்தும், கம்பெனிச் சுவரைப் பள்ளத்தின் மேல் எழுப்பியவரிடமிருந்தும் தொடங்குவதே நியாயம். வீடிழக்கும் குடும்பத்துக்கும் உரிமைகள் உண்டு. எழுத்தில் அறிவிப்பு இல்லாமல் யாரையும் அகற்ற முடியாது. பதில் சொல்ல அவகாசம் கேட்கலாம், மேல்முறையீடு செய்யலாம், மாற்றுக் குடியிருப்பு கேட்டு ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

கழிவுதான் அடுத்த ஆபத்து. திருப்பூர் மாவட்டத்துக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1992-இல் பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாகிப் போனது. நொய்யல் பாசன விவசாயிகள் பல ஆண்டுகள் வழக்காடியதால்தான், கழிவை முழுவதும் சுத்திகரித்து வெளியே விடாத நிலைக்கு வராத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாவட்டத்தில் நல்லாறு நிரப்பும் நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயமானது. 2024-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த நல்லாற்றுக்கு அவிநாசி வட்டத்துப் பள்ளங்களின் நீர் போகிறது. இங்கே சாக்கடையைத் திருப்பிவிட்டால் அங்கே போய்ச் சேரும்.

நீர்நிலையில் மாசு கலப்பது 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நிறம், நுரை, செத்த மீன் தென்பட்டால் அன்றே தேதி தெரியும்படி படமெடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அனுப்பி, மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். கோழிக் கழிவும் குப்பையும் என்றால் நகராட்சியோ ஊராட்சியோதான் பொறுப்பு. வாரியம் அசையாவிட்டால் சென்னையில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். அங்கே காலக்கெடு முக்கியம்: பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும், இழப்பீடும் சீரமைப்பும் கேட்பதென்றால் ஐந்து ஆண்டு.

இன்னோர் ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காய்ந்து கிடந்த காலத்தில் குட்டைக்குள் ஆளாளுக்கு மண் தோண்டினார்கள். அந்தக் குழிகள் இப்போது தண்ணீருக்கடியில் இருக்கின்றன. முழங்கால் அளவு என்று இறங்கும் பிள்ளை அடுத்த அடியில் ஆள் மூழ்கும் பள்ளத்தில் விழும். நம் பிள்ளைகள் பலருக்கு நீச்சலும் தெரியாது. எச்சரிக்கைப் பலகை, கரையில் கயிறு, ஆழக்குழிக்கு அடையாளம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வண்டல் எடுப்பதையும் ஊர் கண்காணிக்க வேண்டும். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக வண்டல் எடுக்கலாம் என்று 2024-இல் அரசு எளிதாக்கியது நல்ல காரியம். அனுமதிச் சீட்டில் புல எண்ணும் அளவும் இருக்கும். இரவில் லாரி வந்தால் அந்தச் சீட்டைக் கேட்க யாருக்கும் தயக்கம் வேண்டாம்.

இவற்றையெல்லாம் பேசுவதற்கான இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் குட்டைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஊரின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அதனால் கிராம சபையின் அதிகாரம் குறைந்துவிடவில்லை. தேர்தல் இல்லாத காலத்தில் ஊர் தன் பேச்சைப் பதிவு செய்ய மிச்சமிருந்த மன்றம் அதுதான். புல எண்ணும் பரப்பும் குறிப்பிட்டுத் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தைப் படித்துக் காட்டச் சொல்லி, கேட்டபின் போடுங்கள், நகலும் வாங்குங்கள். நகராட்சிக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. உங்கள் வார்டில் அது கூடவில்லையென்றால் ஏன் என்று கவுன்சிலரையும் ஆணையரையும் கேளுங்கள்.

தீர்மானத்தின் நகலோடு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டம், கோடையில் வட்ட அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தி, 1100 என்ற முதல்வரின் உதவி எண் என எதில் கொடுத்தாலும் மனு எண்ணை வாங்கி வையுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் நாலு கேள்வி கேளுங்கள்: குட்டையின் பதிவேட்டுப் பரப்பு எவ்வளவு, கடைசியாக அளந்த தேதி எது, ஆக்கிரமிப்பு அறிவிப்பு யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது, என் மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்தத் தாள்கள் கையில் இருந்தால்தான் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு நிற்கும்.

ஒருத்தராகப் போகாதீர்கள். குட்டைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர், ஆடு மேய்ப்பவர், மகளிர் குழுப் பெண்கள், பள்ளி ஆசிரியர் என்று பத்துப் பேர் சேர்ந்து போங்கள். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது உங்கள் ஊர்க் குட்டையின் புல எண்ணைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதை அளந்து எல்லைக் கல் நடச் சொல்லி முதல் தீர்மானத்தைக் கேளுங்கள்.